காட்டைக் கொளுத்தினவன் கடவுளா? குற்றவாளியா?

சமீபத்தில் போடிநாயக்கனூரில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் நாம் பேசி முடித்து, சந்தேகமுள்ளவர்கள் கேட்கலாம் என்று சொன்னவுடன், முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு வயோதிகத் தோழர் எழுந்தார். சிறு வயது முதல் மலைமேல் ஏலத்தோட்டங்களில் கூலிக்கு உழைத்தவர். அவர் கேட்டது இதுதான்:

"அய்யா, நான் வாலிபனாயிருந்தபோது மலையில் ஒரு சுமை விறகு வெட்டினதற்குப் பிடித்துக்கொண்டுபோய் அபராதம் போட்டார்கள். குற்றம் என்றார்கள். கட்டிவிட்டேன். யுத்தம் என்று சொல்லிக்கொண்டு ஆகாயத்தில் வந்து ஒரு தேசத்துக் காட்டையே பொசுக்கிவிட்டுப் போகிறானே, அவனை எந்தப் பாரஸ்ட் கார்டு பிடிப்பார்? அவனுக்கு எந்தக் கோர்ட்டில் அபராதம்?"

கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், உலகத்துச் சட்ட நிபுணர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஜெனீவாவிலும் ஹேக் நகரத்திலும் கூடிக்கூடி விடை தேடுகிற கேள்வியை, எழுத்து வாசனை அதிகமில்லாத அந்தத் தோழர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். அன்று நேரமில்லாததால் சுருக்கமாகப் பதில் சொல்லி வந்தோம். பாக்கியை இங்கே எழுதுகிறோம்.

போடிக்காரர்களுக்கு இந்தச் சங்கதியை விளங்கவைப்பது கஷ்டமல்ல. ஏலச்செடி வெட்டவெளியில் வளருவதில்லை. பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். நிழல் போனால் ஈரம் போகும். ஈரம் போனால் ஏலம் போகும். ஏலம் போனால், விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற ஆயிரக்கணக்கான பெண்களின் கூலியும் போகும். போடியிலே ஏல வியாபாரமும் போகும். ஆகவே ஒரு காட்டை அழிப்பதென்பது மரத்தை அழிப்பது மாத்திரமல்ல, ஊரையே அழிப்பதாகும் என்பது இவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் குரங்கணி மலைச்சரிவில் பிடித்த காட்டுத்தீ, மலையேற வந்த இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும் இவ்வூரார் கண்ணால் கண்டவர்கள். யாரும் யுத்தம் செய்து வைத்த தீயல்ல அது. அதற்கே இந்த ஊர் எத்தனை நாள் தூங்கவில்லை! அப்படியானால், வேண்டுமென்றே, கணக்குப் போட்டு, சர்க்கார் பணத்தில் மருந்தும் எண்ணெயும் வாங்கி வைக்கிற தீ எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யுத்தம் எங்கேயோ நடப்பது, நமக்கென்ன என்றும் சொல்வதற்கில்லை. 1928-ல் போடிக்கு வந்த ரயில் பாதையை இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தோடு பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் மறுபடி ரயில் வந்தது. ஒரு குண்டும் விழாத ஊருக்கே இந்தக் கதி.

நிற்க, விறகு வெட்டினவனைக் குற்றவாளி என்று சொல்ல நம் வாய் கூசுவதில்லை. காட்டை அழித்த தளபதியைக் குற்றவாளி என்று சொல்ல மாத்திரம் ஏன் கூசுகிறது? காரணம் வெளிப்படை. அப்படிப்பட்டவனை வீரனென்றும் தெய்வமென்றும் கொண்டாடும்படி நம்மைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கியிருக்கிறார்கள்.

பாரதத்திலே காண்டவ வனம் எரிந்த கதையைக் கேளாத தமிழன் உண்டா? அக்கினி பகவானுக்குப் பசியாம். அவன் தின்பதற்கு ஒரு காடு வேண்டுமாம். கிருஷ்ணனும் அர்ச்சுனனும் ஆளுக்கொரு பக்கம் ரதத்தை நிறுத்திக்கொண்டு, உள்ளேயிருந்து தப்பி ஓடிவருகிற மிருகங்களையும் பறவைகளையும் நாகர்களையும் அடித்து நெருப்பிலே தள்ளினார்களாம். மழை பெய்து அணைக்க வந்தான் இந்திரன். அந்த மழையையும் அம்பினாலே தடுத்துவிட்டார்களாம். தப்பிப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் காரியத்துக்குக் கிடைத்தது என்ன தண்டனை? காண்டீபம் என்கிற வில்லும், தேரும், வற்றாத அம்பறாத்தூணியும்! அங்கே எழுப்பின பட்டணந்தான் இந்திரப்பிரஸ்தம். திண்ணையில் உட்கார்ந்து இதைக் கதை கேட்கிற நம் ஜனங்கள், காண்டீபம் கிடைத்த கட்டத்தில் கைதட்டுகிறார்களே தவிர, கூட்டுக்குள்ளிருந்த குஞ்சு என்ன குற்றம் செய்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா என்று கேட்கின்றோம்.

இதைச் சொன்னவுடன் சில தமிழ்ப் பண்டிதர்கள், "அது வடநாட்டார் கதை, நம் மூவேந்தர்கள் அப்படியா?" என்று மார்தட்டக்கூடும். அவர்களுக்கும் சொல்லிவைக்கிறோம். பகைவன் நாட்டைத் தீ வைத்து எரிப்பதற்கு 'எரி பரந்தெடுத்தல்' என்று இலக்கணத்திலேயே துறை வகுத்தவர்கள் நம் முன்னோர்கள்தான். பகையரசனுடைய காவல் மரத்தை வெட்டி வீழ்த்தினதையும், பகைவர் ஊரைக் கழுதை ஏர் பூட்டி உழுததையும் பெருமையாகப் பாடிப் பரிசில் வாங்கினவர்களும் நம் புலவர்கள்தான். நம்முடையது என்பதற்காக ஒரு அக்கிரமம் யோக்கியமாகிவிடாது. பிறர் புராணத்தைக் கேட்கிற கேள்வியை நம் புறப்பாட்டையும் கேட்க வேண்டியதுதான் அறிவுக்கு அழகாகும்.

ஆக, பழைய காலத்தில் இது குற்றமாகவே தோன்றவில்லை. பசித்த தெய்வத்துக்கு உணவு, அல்லது அரசனுக்கு வெற்றி. அவ்வளவுதான். இதைக் குற்றமென்று முதலில் சொன்னது எந்த வேதமும் அல்ல, எந்த அவதாரமும் அல்ல. செத்த காட்டையும், ஊனமாய்ப் பிறந்த குழந்தையையும் பார்த்து மனம் பொறுக்காத சாதாரண மனிதர்கள்தான் சொன்னார்கள்.

அது நடந்தது வியட்னாமில். 1961 முதல் 1971 வரையில் அமெரிக்க சேனை அந்நாட்டுக் காடுகளின்மேலும் வயல்களின்மேலும் விமானங்களிலிருந்து களைக்கொல்லி மருந்தைத் தெளித்தது. ஏழு கோடி லிட்டருக்கு மேல் தெளித்தார்கள். எதிரி மரத்தின் மறைவில் ஒளிகிறான், ஆகையால் மரத்துக்கு இலையே இருக்கக்கூடாது என்பது அவர்கள் நியாயம். அந்த மருந்துகளில் 'ஏஜெண்டு ஆரஞ்சு' என்பதில் டையாக்சின் என்னும் கொடிய விஷம் கலந்திருந்தது. அது மண்ணிலும் சேற்றிலும் மீனிலும் தங்கி, யுத்தம் முடிந்து பிறந்த பிள்ளைகள் வரையில் தொடர்ந்தது. அதைக் கண்டு ஆர்தர் கால்ஸ்டன் என்னும் தாவர விஞ்ஞானி 1970-ல் 'எக்கோசைடு' என்று ஒரு புதுச் சொல் சொன்னார். ஒரு ஜாதி ஜனங்களையே கொல்வதற்கு இனக்கொலை என்று பெயர் வைத்ததுபோல, அவர்கள் வாழுகிற இயற்கையையே கொல்வதற்கு ஒரு பெயர். தமிழில் இயற்கைக்கொலை என்று சொல்லலாம்.

பெயர் பிறந்தது. சட்டம் பிறந்ததா? பிறந்தது. ஆனால் எப்படிப் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. இங்கே வாசகர்கள் கொஞ்சம் பொறுமையோடு படிக்கவேண்டும். ஏனெனில் புரட்டு முழுவதும் ஒரு சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

1976-ம் வருஷத்தில் ஐக்கிய நாட்டு சபையில் ஒரு உடன்படிக்கை செய்தார்கள். மழையையோ பூமியையோ கடலையோ வேண்டுமென்று மாற்றி, இயற்கையையே ஆயுதமாக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதிலே, விளைகிற கேடு பரந்ததாகவோ, நெடுநாள் நீடிப்பதாகவோ, கடுமையானதாகவோ இருந்தால் போதும் என்று எழுதினார்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் தவறுதான். இதில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இது சர்க்காருக்கும் சர்க்காருக்கும் உள்ள ஒப்பந்தம். தனி மனிதனைக் கூண்டில் ஏற்றுகிற சட்டம் அல்ல.

அடுத்த வருஷமே, 1977-ல், ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு ஒரு கூடுதல் ஏற்பாடு எழுதினார்கள். அது, எந்த ஆயுதத்தினால் செய்தாலும் இயற்கையைப் பாழாக்கக் கூடாது என்று விதிக்கிறது. நல்லதுதான். ஆனால் இங்கே, 'பரந்ததாகவும், நெடுங்காலத்ததாகவும், கடுமையானதாகவும்' இருக்கவேண்டும் என்று போட்டுவிட்டார்கள். 'ஓ' போய் 'உம்' வந்துவிட்டது! மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் தவறு. இரண்டு இருந்து ஒன்று குறைந்தால் தவறில்லை. நெடுங்காலம் என்றால் சில மாதமா, சில வருஷமா? அதுவுமல்ல, பத்துப் பத்து வருஷங்களாகக் கணக்கிடவேண்டும் என்று அர்த்தம் செய்துகொண்டார்கள்.

ஒரு ஊரிலே திருட்டுக்குச் சட்டம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இரவில் ஆட்டையும் மாட்டையும் அண்டாவையும் சேர்த்துத் திருடினவன்தான் திருடன், ஆட்டையும் மாட்டையும் மாத்திரம் கொண்டுபோனவன் திருடனல்ல என்று எழுதினால், அதை எழுதினவன் யாராயிருப்பான்? திருடனாயிருப்பான், அல்லது திருடனுக்கு வேண்டியவனாயிருப்பான்.

அதோடு விட்டார்களா? 1998-ல் ரோமாபுரியில் கூடி, யுத்தக் குற்றவாளிகளை விசாரிக்க நிரந்தரமான சர்வதேசக் கிரிமினல் கோர்ட்டு ஒன்றை ஏற்படுத்த ஒப்பந்தம் எழுதினார்கள். 2002 ஜூலை 1 முதல் அது அமலில் இருக்கிறது. ஹேக் நகரத்தில் கோர்ட்டு. அந்த ஒப்பந்தத்தின் 8-வது பிரிவில் இயற்கையைப் பற்றி ஒரே ஒரு வாசகம் உண்டு. அந்த மூன்று 'உம்'மையும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குமேல் இன்னும் இரண்டு பூட்டுப் போட்டார்கள். முதல் பூட்டு, இப்படிப்பட்ட கேடு வரும் என்று தெரிந்தே அவன் தாக்குதலை நடத்தியிருக்கவேண்டும். இரண்டாவது பூட்டு, அந்தக் கேடானது, அவன் எதிர்பார்த்த ராணுவ லாபத்தைவிட வெளிப்படையாகவே மிதமிஞ்சியிருக்கவேண்டும்.

ஏல வியாபாரிகளுக்கு இது சட்டென்று புரியும். ஒருவன் உங்கள் கிட்டங்கிக்குத் தீ வைத்துவிட்டான். நீங்கள் நியாயம் கேட்கப்போனால், "உனக்கு வந்த நஷ்டம் ஒரு தட்டில், தீ வைக்கும்போது அவன் மனதில் எதிர்பார்த்த லாபம் மற்றொரு தட்டில், உன் தட்டு மிக நன்றாகத் தாழ்ந்தால்தான் கேஸ், சரிசமமாக ஆடினால் வீட்டுக்குப் போ" என்று சொன்னால் எப்படியிருக்கும்? உங்கள் தட்டில் இருப்பது எரிந்த ஏலம்; யாரும் நிறுத்துப் பார்க்கலாம். அவன் தட்டில் இருப்பது அவன் எண்ணம். அதற்கு ஏது எடைக்கல்?

இது வெறும் கற்பனை பயமல்ல, நடந்த சங்கதி. 1944-ல் ஜெர்மன் தளபதி ரெண்டுலிக் என்பவன், ரஷ்ய சேனை வருகிறது என்று நார்வே தேசத்தின் வடகோடியில் ஜனங்களை வெளியேற்றி, ஊர்களையெல்லாம் எரித்துக்கொண்டே பின்வாங்கினான். 1948-ல் நூரம்பர்க்கில் விசாரித்த நீதிபதிகள், 'உண்மையில் அவசியமில்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவசியம் என்று அவன் அந்நேரத்தில் மனப்பூர்வமாக நம்பினான்' என்று கூறி, அந்தக் குற்றத்திலிருந்து அவனை விடுவித்துவிட்டார்கள். வேறு குற்றங்களுக்குத்தான் அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

1991-ல் இராக் சேனை குவைத்தை விட்டு ஓடும்போது அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. கடைசிக் கிணறு அணைய அவ்வருஷம் நவம்பர் மாதமாயிற்று. பகலிலே இருட்டு, கடலிலே எண்ணெய். ஐக்கிய நாட்டு சபை ஒரு நஷ்டஈட்டுக் கமிஷன் வைத்து இராக்கிடம் பணம் வசூலித்தது. அதில் இயற்கைக்கு நேர்ந்த கேட்டுக்கென்று மாத்திரம் ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் தீர்ப்பாயிற்று. பணம் கொடுத்தது யார்? இராக் குடிஜனங்களின் எண்ணெய் வருமானம். கிணற்றைக் கொளுத்தச் சொன்னவன் அந்தக் குற்றத்துக்காக எந்தக் கூண்டிலாவது ஏறினானா? இல்லை. சதாம் உசேனைத் தூக்கிலிட்டது வேறொரு கேஸில்.

இனி பெரிய வல்லரசுகளின் கதை. 1999-ல் நேட்டோ நாடுகள் யுகோஸ்லாவியாவில் பாஞ்சேவோ என்னும் ஊரின் ரசாயனத் தொழிற்சாலைகள்மேல் குண்டு போட்டு, ஆற்றிலும் காற்றிலும் விஷம் கலக்கும்படி செய்தன. இதை விசாரிக்கலாமா என்று ஆராய்ந்த கமிட்டி, சட்டத்தின் வரம்பு மிக உயர்ந்தது என்று சொல்லி, விசாரணை வேண்டாமென்று 2000-ம் வருஷத்தில் முடித்துவிட்டது. வியட்னாம் ஜனங்கள் மருந்து செய்த கம்பெனிகளின்மேல் அமெரிக்கக் கோர்ட்டில் தொடுத்த வழக்கும் 2005-ல் தள்ளுபடியாகி, அப்பீலிலும் போயிற்று. அமெரிக்க சிப்பாய்களுக்கு மாத்திரம் அதே மருந்துக்காக 1984-ல் கம்பெனிகள் 18 கோடி டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டன. தெளித்தவனுக்குப் பணம், தெளிக்கப்பட்டவனுக்குத் தள்ளுபடி!

ஹேக் கோர்ட்டு ஏற்பட்ட நாள் முதல், இயற்கையைப் பற்றிய அந்த ஒரு வாசகத்தின் கீழ் ஒருவனும் தண்டிக்கப்பட்டதில்லை. பூட்டைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டு, வீடு பத்திரமாயிருக்கிறது என்று சொல்வதற்குப் பெயர் சட்டமா என்று கேட்கின்றோம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. நம் ரத்தத்துக்கு நெருங்கினதைச் சொல்லுவோம். 1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த யுத்தத்தில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் லட்சக்கணக்கான பனைமரங்கள் அழிந்தன. குண்டு விழுந்து மொட்டையானவை போக, பதுங்குகுழிகளுக்கு மரம் வேண்டுமென்று வெட்டப்பட்டவை எத்தனையோ. சர்க்கார் சேனையும் வெட்டிற்று, விடுதலைப் புலிகளும் வெட்டினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்து விளைநிலங்களையும் தோப்புகளையும் வேலி கட்டி அடைத்தார்கள். மண்ணுக்குள்ளே கண்ணிவெடிகளை விதைத்து, யுத்தம் முடிந்த பிறகும் உழவன் ஏர் கட்ட முடியாமல் செய்தார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகைப் புலிகள் மூடி, கீழே பயிர் செய்கிற குடியானவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள்; அதிலிருந்தே கடைசி யுத்தம் மூண்டது. நம்மவர் செய்தது என்பதால் நாம் மறைக்கப்போவதில்லை. மதகை மூடினவனும் மரத்தை வெட்டினவனும் எந்தக் கொடி பிடித்தாலும் குடியானவனுக்குச் சத்துருவே ஆவான்.

ஒரு பனை பயன் கொடுக்கப் பதினைந்து இருபது வருஷமாகும். பதநீர், நுங்கு, கிழங்கு, ஓலை, நார், கருப்பட்டி என்று அதை நம்பிப் பிழைக்கிற ஒரு குடும்பத்துக்கு, ஒரு தோப்புப் போனால் ஒரு தலைமுறை போயிற்று என்று அர்த்தம்.

இதற்கு ஹேக் கோர்ட்டில் கேஸ் போட முடியுமா? முடியாது. முதலாவது, இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இரண்டாவதுதான் இதைவிடக் கொடுமை. சேர்ந்திருந்தாலும் இந்த வாசகம் பிரயோஜனப்படாது. ஏனென்றால், இயற்கையைப் பற்றிய அந்த ஒரே வாசகம் இரண்டு தேசங்களுக்குள் நடக்கிற யுத்தத்துக்கு மாத்திரந்தான் பொருந்தும். ஒரு தேசத்துக்குள்ளேயே நடக்கிற யுத்தத்துக்குப் பொருந்தாது! எல்லை தாண்டி வந்து உன் தோப்பை எரித்தால் குற்றம். உன்னை ஆளுகிறவனோ, உன் பெயரால் ஆயுதம் எடுத்தவனோ எரித்தால் குற்றமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அடித்தால் கேஸ், புருஷன் அடித்தால் குடும்ப சமாசாரம் என்று நம் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்கள் சொல்லுகிற பழைய பல்லவிதானே இது? இன்றைய யுத்தங்களில் பெரும்பாலானவை தேசத்துக்குள்ளே நடக்கிறவைதான் என்பது தெரிந்தும் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் அறிந்தவர்கள், "வேறு வழிகள் இருக்கின்றனவே, கொள்ளை, சொத்தழிப்பு என்ற பிரிவுகளில் பிடிக்கலாமே" என்பார்கள். உண்மைதான். 1948-ல் ஐக்கிய நாடுகளின் யுத்தக் குற்றக் கமிஷன், போலந்து தேசத்துக் காடுகளை வரம்பில்லாமல் வெட்டிக் கொண்டுபோன ஜெர்மன் காட்டிலாகா அதிகாரிகள் பத்துப் பேரில் ஒன்பது பேரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. சூடான் தேசத்தில் டார்பூர் ஜனங்களின் கிணறுகளைப் பாழாக்கினது, அந்நாட்டுத் தலைவர் பஷீர்மேல் 2010-ல் பிறந்த இனக்கொலை வாரண்டிலே கூறப்பட்டிருக்கிறது. ஆகவே மனமிருந்தால் மார்க்கமுண்டு. ஆனால் இவற்றிலெல்லாம் மரம் யாரோ ஒருவனுடைய சொத்து என்பதற்காகவோ, கிணறு மனிதனைக் கொல்லும் கருவியாயிற்று என்பதற்காகவோதான் கேஸ். பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பாக்கியுள்ள காடு, யாருக்கும் பட்டா இல்லாத ஆறு, இவற்றுக்காக வாதாடுவதற்குப் பின்வாசல் போதாது.

இனி சில ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லுவோம்.

"மனிதன் கொத்துக்கொத்தாய்ச் சாகும்போது மரத்துக்கு அழுவதா?" என்கிறார்கள் சிலர். மனிதனுக்காகத்தான் அழுகிறோம். குண்டு, எதிரில் நிற்கிறவனைக் கொல்லும். விஷமேறின மண், இன்னும் பிறக்காதவனைக் கொல்லும். முந்தினது குற்றமென்றால் பிந்தினது எப்படிக் குற்றமில்லாமற் போகும்?

"யுத்தமென்றால் அப்படித்தான்" என்கிறார்கள் வேறு சிலர். ஒரு காலத்தில் யுத்தமென்றால் பிடிபட்டவனை அடிமையாக விற்பதும் அப்படித்தான் இருந்தது. பெண்களைக் கொள்ளைப் பொருளாகப் பங்கிடுவதும் அப்படித்தான் இருந்தது. அவையெல்லாம் இன்று குற்றமாகிவிட்டன. தானாகவா ஆயின? மனிதன் ஆக்கினான்.

"பாவம் செய்தவனைக் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது மூன்றாவது. விறகு வெட்டின தோழரை ஏன் கடவுளிடம் விடவில்லை? அவருக்கு மாத்திரம் 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம்; காடெரித்த தளபதிக்கு மாத்திரம் எமலோகமா? ஏழைக்குக் கோர்ட்டு, பெரியவனுக்குக் கடவுள் என்கிற இந்த ஏற்பாட்டினால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். காண்டவத்தை எரிக்கச் சொன்னதே ஒரு தெய்வமாயிருக்க, எந்தத் தெய்வத்தினிடம் பிராது கொடுப்பது?

சரி, செய்யவேண்டியது என்ன? சட்டத்தைக் கேலி செய்துவிட்டுச் சும்மா உட்காருவது நமது வேலையல்ல. ஓட்டைச் சட்டமானாலும் மனிதன் செய்தது. ஆகவே மனிதன் அடைக்கலாம்.

முதலாவது, இந்தியா அந்த ரோமாபுரி ஒப்பந்தத்திலே சேரவேண்டும். சுமார் 120 தேசங்கள் சேர்ந்திருக்க, காந்தியையும் புத்தரையும் ஊருக்கு ஊர் சிலை வைத்துக் கொண்டாடுகிற தேசம் வெளியே நிற்பதில் என்ன பெருமை? அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் சேரவில்லையே என்பது சமாதானமாகாது. அவர்கள் ஏன் சேரவில்லை என்பது மேலே சொன்ன கதைகளிலேயே விளங்கும்.

இரண்டாவது, இயற்கையைக் காக்கும் வாசகத்தை உள்நாட்டு யுத்தங்களுக்கும் நீட்டவேண்டும். இது முடியாத காரியமென்று ஒருவரும் சொல்லமுடியாது. ஜனங்களைப் பட்டினி போட்டுக் கொல்லுவது முன்பு தேசங்களுக்குள் நடக்கிற யுத்தத்தில் மாத்திரமே குற்றமாயிருந்தது. 2019-ல் அதை உள்நாட்டு யுத்தத்துக்கும் சேர்த்துத் திருத்தம் நிறைவேற்றினார்கள். வயிற்றுக்குச் செய்ய முடிந்ததை, அந்த வயிற்றை நிரப்புகிற மண்ணுக்குச் செய்ய ஏன் முடியாது?

மூன்றாவது, அந்த 'உம்'மை ஒழிக்கவேண்டும். 2021-ல் பல தேசத்துச் சட்ட நிபுணர்கள் பன்னிரண்டு பேர் கூடி இயற்கைக்கொலைக்கு ஒரு இலக்கணம் எழுதினார்கள். கேடு கடுமையாக இருக்கவேண்டும். அதோடு பரந்ததாகவோ நெடுங்காலத்ததாகவோ இருந்தால் போதும் என்றார்கள். யுத்தமோ சமாதானமோ, இரண்டு காலத்துக்கும் அது பொருந்தும். 2024 செப்டம்பரில் வனுவாட்டு, பிஜி, சமோவா என்னும் மூன்று சிறு தீவு நாடுகள், ஹேக் கோர்ட்டு விசாரிக்கிற நான்கு பெருங்குற்றங்களோடு இதை ஐந்தாவதாகச் சேர்க்கவேண்டுமென்று முறைப்படி கேட்டிருக்கின்றன. கடல் விழுங்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கிற சின்னத் தீவுகளுக்கு இருக்கிற துணிவு, நூற்றுநாற்பது கோடி ஜனங்களுள்ள தேசத்துக்கு இல்லையென்றால் அது வெட்கக்கேடாகும்.

நான்காவது, இதுதான் சர்க்காரைக் கேட்காமலே நாமே செய்யக்கூடியது. சாட்சியத்தைக் காப்பாற்றவேண்டும். காங்கோ தேசம் உகாண்டாவின்மேல் தொடுத்த வழக்கில், 2022-ல் ஹேக்கிலுள்ள சர்வதேச நியாயஸ்தலம் 32½ கோடி டாலர் நஷ்டஈடு தீர்ப்பளித்தது. உயிர்களுக்கும் கொள்ளைபோன பொருள்களுக்கும் கிடைத்தது. ஆனால் காடழிந்ததற்கென்று கேட்டது மாத்திரம், கணக்கிட ஆதாரம் இல்லையென்று தள்ளப்பட்டது. எத்தனை மரம், எந்தச் சர்வே நம்பர், எந்தத் தேதி, யார் கண்டது என்பதை எழுதிவைக்க ஆளில்லை. நம் ஜனங்களோ சாவுக்குத் திதி எழுதி வைப்பார்கள். மரத்துக்கும் குளத்துக்கும் எழுதமாட்டார்கள். இலங்கைக் குற்றங்களுக்குச் சாட்சியம் சேகரித்துப் பாதுகாக்க 2021-ல் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைக் கவுன்சில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. வெட்டின பனையும் அடைத்த நிலமும் தூர்ந்த கிணறும் அந்தக் கணக்கிலே ஏறவேண்டாமா? இன்று திருத்துகிற சட்டம் நேற்றைய குற்றத்துக்குப் பொருந்தாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவைத்த கணக்கு வீண்போகாது. நஷ்டஈடு கேட்க உதவும். நாளைக்கு வருகிறவன் "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று சாதிக்காமலிருக்க உதவும்.

தோழர்களே! போடிக் கூட்டத்தில் அந்த வயோதிகர் கேட்டதற்கு இன்றைய தேதியில் உள்ள யோக்கியமான பதில் இதுதான்: காடெரித்தவனைப் பிடிக்கக் கோர்ட்டு ஒன்று கட்டியிருக்கிறார்கள், ஆனால் அவன் நுழைய முடியாதபடி வாசலைச் சிறிதாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள், நம் தேசம் அந்த வாசல் பக்கமே போகவில்லை. வாசலை இடித்துப் பெரிதாக்குவது எந்த அவதாரத்தின் வேலையும் அல்ல. ஒரு சுமை விறகுக்கு அபராதம் கட்டினவர்கள், "எனக்கு உள்ள சட்டம் அவனுக்கு எங்கே?" என்று ஊர்தோறும் கேட்க ஆரம்பிக்கவேண்டும். கேட்காதவரையில் காண்டவத்தை எரித்தவனுக்கு வில்லும் தேரும்தான் கிடைத்துக்கொண்டிருக்கும்.